கடற்கொள்ளைப் படம் பார்த்துவிட்டுத் தம்பியைக் கப்பலுக்கு அனுப்ப மறுக்கும் அம்மா: உண்மை நிலவரம் என்ன?

கேள்வி: கணியம்பாடி அக்கா

எங்கள் வீடு கணியம்பாடிப் பக்கம். அம்மா பிறந்த ஊர் கம்மவான்பேட்டை. வேலூர்க்காரர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பெயர் வாங்கிய ஊர். என் தாய்மாமன்கள் இருவரும் எல்லையில் இருந்த காலத்தில் அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை என்று பாட்டி பெருமையாகச் சொல்வார். அப்படிப்பட்டவர் இப்போது என் தம்பியைக் கப்பலுக்கு அனுப்பவே மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

வினையை விலைக்கு வாங்கியவன் தம்பியேதான். கப்பலில் அடிமட்ட மாலுமி வேலைக்கான ஜிபி ரேட்டிங் படிப்பை முடித்து, மாலுமிகளுக்கான அடையாளப் புத்தகமான சிடிசியும் வாங்கிவிட்டு, ஒரு முகவர் மூலம் கப்பலுக்காகக் காத்திருக்கிறான். எங்கள் வீட்டில் யாரும் கப்பலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. நானே சென்னைத் துறைமுகத்தை, பஸ்ஸில் போகும்போது மதிலுக்கு மேலே தெரியும் கிரேன்களாகத்தான் அறிவேன். "கப்பல் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன், வாருங்கள்" என்று அம்மாவை உட்காரவைத்து அந்த மேதாவி மடிக்கணினியில் போட்ட படம் 'கேப்டன் பிலிப்ஸ்'. உலகத்தில் வேறு கப்பல் படமே இல்லையா?

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அது தேவைப்படவும் இல்லை. புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே பார்த்தவர், கொள்ளையர் நால்வரும், மாலுமிகள் குழாயால் பீய்ச்சும் தண்ணீரையும் மீறி, கப்பலின் விளிம்பில் ஏணியை மாட்டும் இடத்தில் கையை நிறுத்திவிட்டார். படம் முடியும்வரை புளி அப்படியே முறத்தில் கிடந்தது. கடைசியில் அந்தக் கேப்டன் இரத்தம் தோய்ந்த சட்டையோடு மருத்துவ அறையில் உட்கார்ந்து, பேச்சு வராமல் நடுங்குகிறாரே, அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எல்லையில் நிற்பவன் கையில் துப்பாக்கி இருக்கிறது. இவர்கள் கையில் என்ன இருக்கிறது? தண்ணீர்க் குழாய்!"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தம்பி "அதெல்லாம் சினிமா" என்கிறான். படத்தில் காட்டுவது எவ்வளவு உண்மை? இப்போதும் அப்படி நடக்கிறதா? ஆளைப் பிடித்துவிட்டால் குடும்பத்தின் கதி என்ன? கப்பலில் இருந்தவர்கள் யாராவது எழுதினால் அம்மாவுக்கு வரி விடாமல் படித்துக் காட்டுவேன். "பயப்படாதீர்கள், எல்லாம் நல்லதே நடக்கும்" என்ற வகை ஆறுதல்கள் வேண்டாம். அவை சித்தி வீட்டிலிருந்தே வேண்டிய அளவு வருகின்றன.

பதில்: சத்துவாச்சாரி திரைப்பித்தன்

அக்கா, நான் கப்பலில் இருந்தவன் இல்லை. படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நடந்த கதைதான். 2009 ஏப்ரல் 8 அன்று சோமாலியக் கரைக்கு அப்பால், மெர்ஸ்க் அலபாமா என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலில் நால்வர் ஏறினார்கள். கப்பலில் இருந்தவர்கள் 20 பேர். கென்யாவின் மொம்பாசா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சரக்கில் உணவு உதவிப் பொருள்களும் இருந்தன. சிப்பந்திகளில் பெரும்பாலோர் கீழே ஒளிந்துகொண்டு, மின்சாரத்தையே நிறுத்தி, இருட்டில் கொள்ளையர் தலைவனை மடக்கிவிட்டார்கள். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று பேசிய இடத்தில் பேச்சு தவறியது. கேப்டனை ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். ஏப்ரல் 12 அன்று அமெரிக்கக் கடற்படையின் குறிவீரர்கள் போர்க்கப்பலின் பின்தளத்திலிருந்து சுட்டதில் மூன்று கொள்ளையர் செத்தார்கள். நான்காமவன் அந்நேரம் போர்க்கப்பலுக்குள் இருந்ததால் பிழைத்தான். 2011இல் நியூயார்க் நீதிமன்றம் அவனுக்கு 33 ஆண்டு 9 மாதச் சிறை விதித்தது. அந்தப் படகை இன்றைக்கும் புளோரிடாவில் ஓர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

கேப்டனைத்தான் படம் கொஞ்சம் மெருகேற்றியிருக்கிறது. படத்து டாம் ஹாங்க்ஸ் தொடக்கத்திலிருந்தே எச்சரிக்கையான ஆள். பூட்டாத கதவைக் கண்டால் கடிந்துகொள்பவர். நிஜத்திலோ, கரையிலிருந்து இன்னும் விலகிப் போகும்படி வந்த எச்சரிக்கைகள் பொருட்படுத்தப்படவில்லை என்று சொல்லிச் சிப்பந்திகள் சிலர் கப்பல் நிறுவனத்தின்மீது வழக்கே போட்டார்கள். சினிமாவுக்கு ஒரு நாயகன் போதும் போலிருக்கிறது.

அம்மாவின் கை ஏன் நின்றது என்று எனக்குப் புரிகிறது. இயக்குநர் பால் கிரீன்கிராஸ், டாம் ஹாங்க்ஸையும் சோமாலிய நடிகர்களையும் படப்பிடிப்பில் சந்திக்கவே விடாமல் பிரித்து வைத்திருந்தார். கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்குள் அவர்கள் துப்பாக்கியோடு நுழையும் காட்சிதான் அவர்களின் முதல் சந்திப்பு. தலைவனாக வரும் பர்காத் அப்தி அதற்குமுன் எந்தப் படத்திலும் நடித்ததில்லை. முதல் படத்திலேயே பாஃப்டா விருது வாங்கினார், ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டார். அந்த மருத்துவ அறைக் காட்சி முதலில் எழுதி வைத்ததில் இல்லை. அங்கே கேப்டனைச் சோதிக்கும் பெண் உண்மையாகவே கடற்படையின் மருத்துவப் பணியாளர். தினமும் செய்யும் வேலையைத்தான் அவர் கேமரா முன்னாலும் செய்தார். ஆங்கிலம் தெரியாத ஒருவரை அது எழுந்து போகவைத்தது என்றால், படம் எடுத்தவர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

தம்பிக்கு மட்டும் இன்னொரு படம் சொல்கிறேன்: 'எ ஹைஜாக்கிங்', 2012இல் வந்த டென்மார்க் படம், இயக்கம் டோபியாஸ் லிண்ட்ஹோம். கப்பல் பிடிபடுவதைக் காட்டவே மாட்டார்கள். செய்தி மட்டும் அலுவலகத்துக்கு வந்து சேரும். பிறகு ஒரு பக்கம் கடலில் அடைபட்ட சமையல்காரர், மறுபக்கம் கோபன்ஹேகனில் கோட்டு சூட்டு, மேசைமேல் தொலைபேசி. கேட்பது ஒன்றரைக் கோடி டாலர். நிறுவனம் முதலில் சொல்வது இரண்டரை லட்சம். அந்தப் பேரம் முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஆலோசகராக வருபவர் நிஜ வாழ்க்கையிலும் பிணைப் பேரம் பார்ப்பவர். படம் எடுத்த கப்பலும் முன்பு சோமாலியரிடம் சிக்கி மீண்ட கப்பல். துப்பாக்கிச் சத்தத்தைவிடத் தொலைபேசி மணிச் சத்தம் இவ்வளவு பயமுறுத்தும் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மாவிடம் இதைக் காட்டாதீர்கள்.

பதில்: ஆம்பூர் ஷூ ஏற்றுமதி

பேச்சைச் சோமாலியாவோடு நிறுத்திவிடாதீர்கள். நான் ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி அலுவலகத்தில் கப்பல் ஆவணங்கள் பார்க்கிறேன். எங்களுக்கு வந்த தலைவலி செங்கடலில்.

2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹூதி கிளர்ச்சிப் படையினர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, கேலக்ஸி லீடர் என்ற கார் ஏற்றும் கப்பலைப் பிடித்தார்கள். அதிலிருந்த 25 பேரை விட்டது 2025 ஜனவரியில். பணம் கேட்டுப் பிடித்த கதையாக இருந்தால் பேரத்தில் முடிந்திருக்கும்; இது போர் அரசியல், பேரத்துக்கு ஆளே கிடையாது. 2024 ஏப்ரலில் ஈரான் எம்எஸ்சி ஏரிஸ் கப்பலைப் பிடித்தபோது அதிலிருந்த 25 பேரில் 17 பேர் இந்தியர்கள். கேரளத்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண், பயிற்சியில் இருந்தவர், சில நாள்களில் ஊர் திரும்பினார். மற்றவர்கள் வீட்டில் காத்திருப்பு நீண்டது.

செங்கடல் கலவரத்தால் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய எங்கள் பெட்டிகள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் அடிமுனையைச் சுற்றிப் போயின. பத்துப் பதினைந்து நாள் கூடுதல். குளிர்காலத்துக்கான ஷூ குளிர்காலம் பாதி போனபின் கடைக்குப் போனால் என்ன ஆகும்? விலையைக் குறை என்பார்கள், அல்லது விமானத்தில் அனுப்பு என்பார்கள். விமானச் சரக்குக் கட்டணம் என்று காதில் விழுந்தாலே எங்கள் முதலாளிக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. வாணியம்பாடி, இராணிப்பேட்டை எல்லாம் இதே பாட்டுத்தான்.

தம்பிக்கு என் யோசனை ஒன்றுதான்: எந்தக் கப்பல், எந்தப் பாதை என்று கேட்காமல் ஏற வேண்டாம்.

பதில்: வாலாஜா ஃபிட்டர்

அம்மா, உங்கள் தாயாருக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய் பற்றி அவர் கேட்டதை நாங்கள் ஒவ்வொருவரும் எங்களுக்குள் கேட்டுக்கொண்டதுண்டு. வாய்விட்டுக் கேட்டதில்லை.

மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று நம் பக்கத்தைக் கேலி செய்வார்களே, அந்த நீரில்லாத ஆற்றங்கரையில் பிறந்து கடலில் பிழைத்தவன் நான். இராணிப்பேட்டை சிப்காட்டில் கொதிகலன் உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றில் வெல்டிங் கற்றுக்கொண்டு, பிறகு கப்பலில் ஃபிட்டராகப் போனேன். கடற்கொள்ளை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் சோமாலியாவுக்கும் ஏமனுக்கும் நடுவிலுள்ள ஏடன் வளைகுடா வழியாகப் போய்வந்தவன். 2010ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 1,181 மாலுமிகளைப் பிணையாகப் பிடித்தார்கள் என்பது சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் கணக்கு. பெரும்பங்கு சோமாலியர்கள் கைவரிசை. ஆகவே உங்கள் தம்பி சொல்வதுபோல "அதெல்லாம் சினிமா" இல்லை.

கப்பல் அந்தப் பகுதியை நெருங்குவதற்குச் சில நாள் முன்னாலேயே ஃபிட்டருக்கு வேலை தொடங்கிவிடும். வெளிப்பக்கத்து இரும்பு ஏணிகளைக் கழற்ற வேண்டும், கழற்ற முடியாததைத் தகடு போட்டு மறைக்க வேண்டும். கீழ்த்தள ஜன்னல்களுக்குக் கம்பி. விளிம்பைச் சுற்றி முள்கம்பிச் சுருள். அதை விரிக்கும்போது தோல் கையுறையைக் கிழித்துக்கொண்டு உள்ளங்கைக்குள் இறங்கும். உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து, அந்தத் துருத் தண்ணீர் வெள்ளைப் பெயின்ட்மேல் ஒழுகும். தளத்து வேலைகளின் மேஸ்திரியான போசனுக்கு அதைப் பார்த்தால் கொள்ளையரைவிட அதிகக் கோபம் வரும். பாய்லர் சூட் என்ற, உடம்பு முழுக்க மூடும் பழைய வேலை உடையில் கந்தல் துணி திணித்து, தலைக்கு ஹெல்மெட் மாட்டி, கைப்பிடிக் கம்பி ஓரமாகக் கட்டிவைப்போம். கம்பங்கொல்லையில் நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மைதான், வேறொன்றும் இல்லை. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் காவல் ஆள் அதிகம் என்று தோன்ற வேண்டும்.

சிட்டாடல் என்று ஒன்று உண்டு. எல்லோரும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும் அறை. எங்கள் கப்பலில் அது சுக்கான் இயந்திர அறை, பின்கோடியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி. அதன் கதவுக்கு உள்தாழ்ப்பாள் செய்தவன் நான். கனத்த தகட்டில் சட்டம் வெட்டி, இரண்டு பக்கமும் கொக்கி பற்றவைத்து, வெளிப்பக்கக் கைப்பிடியை அறுத்து எடுத்துவிட்டேன். முடிந்ததும் செகண்ட் இன்ஜினியர் என்னை உள்ளே விட்டு அடைக்கச் சொல்லிவிட்டு, வெளியே பெரிய சம்மட்டியோடு நின்று அடித்தார். இரும்பு அறைக்குள் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும், பல்லெல்லாம் கூசும். கதவு அசையவில்லை. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு கொக்கி போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். போட்டேன்.

உள்ளே குடிநீர், பிஸ்கட், மருந்துப்பெட்டி, மூடி போட்ட வாளி, வெளியே பேச சாட்டிலைட் தொலைபேசி. இதில் முக்கியமான விதி: ஒருவர்கூட வெளியே இருக்கக் கூடாது. ஒருவன் வெளியே சிக்கினால் அவன் தலையில் துப்பாக்கியை வைத்துக் கதவைத் தட்டுவார்கள். பிறகு தாழ்ப்பாள் எதற்கு? எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் கடற்படை ஏறுவதற்குத் துணியும். அதனால்தான் ஒத்திகையில் தலை எண்ணுவதற்கு அத்தனை கெடுபிடி. படத்திலும் சிப்பந்திகள் கீழே ஒளிகிறார்கள், இருட்டு, சூடு, மூச்சுத் திணறல் எல்லாம் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். நின்றுபோன இன்ஜின் அறையின் அமைதி இருக்கிறதே, அதைக் கேட்டுப் பழகாதவனுக்குப் புரியாது. இருபத்துநாலு மணி நேரமும் அதிர்ந்துகொண்டே இருக்கும் காலடித் தகடு திடீரென்று ஆடாமல் நிற்கும்.

கொள்ளையன் யார், மீனவன் யார் என்பது அடுத்த சிக்கல். இருவரிடமும் அதே படகு. அந்தக் கடலில் மீனவர்களும் துப்பாக்கி வைத்திருப்பார்கள். நாங்கள் பார்த்தது ஏணியைத்தான். கொக்கி வைத்த நீண்ட ஏணியோடு எவனும் மீன்பிடிக்கப் போகமாட்டான். உங்கள் தாயார் சரியான இடத்தில்தான் கையை நிறுத்தியிருக்கிறார். பதற்றத்தில் சுட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 2012 பிப்ரவரியில் கேரளக் கரைக்கு அருகே என்ரிகா லெக்ஸி கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில், கொள்ளையர் என்று நினைக்கப்பட்ட நம் மீனவர்கள் இருவர் செத்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். படத்தில் ஐந்தாவது நாளில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவர்கள் அமெரிக்கர்கள்; போர்க்கப்பல் வந்தது. நம் ஆள்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். அஸ்பால்ட் வெஞ்சர் என்ற தார் ஏற்றும் கப்பலை 2010 செப்டம்பரில் பிடித்தார்கள். 15 பேரும் இந்தியர்கள். பிணைத்தொகை போய்ச்சேர்ந்து 2011 ஏப்ரலில் கப்பலை விட்டபோது, ஏழு பேரை மட்டும் விடவில்லை. இந்தியக் கடற்படை நூற்றுக்கு மேற்பட்ட சோமாலியரைப் பிடித்து வைத்திருந்தது. அவர்களை விட்டால் இவர்களை விடுவோம் என்றார்கள். அந்த ஏழு பேர் வெளியே வந்தது 2014 அக்டோபர் இறுதியில். ஐஸ்பெர்க் என்ற இன்னொரு கப்பல், 2010 மார்ச்சில் பிடிபட்டது. மீட்பதற்கு முதலாளி தரப்பிலிருந்து பணம் வரவில்லை. இந்தியர்கள் உட்பட அதிலிருந்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் நாள் கிடந்தார்கள். 2012 டிசம்பரில் சோமாலியாவின் பன்ட்லேண்ட் கடற்காவல் படை சண்டை போட்டு மீட்டது.

இரண்டு கப்பலிலும் மிரட்டியது ஒரே மாதிரித் துப்பாக்கிதான். முதலாளி யார், காப்பீடு இருக்கிறதா, தொலைபேசியை எடுப்பானா என்பதில்தான் ஆறு மாதம் மூன்று ஆண்டாகிறது. அந்த டென்மார்க் படத்தைப் பற்றித் திரைப்பித்தன் தம்பி எழுதியதைப் படித்ததும் இதைத்தான் நினைத்தேன். பேரம் பேசவாவது அங்கே ஒரு முதலாளி உட்கார்ந்திருக்கிறான்!

கொள்ளையன் பக்கம் போகாமலே ஆளைச் சிறைவைக்கும் வித்தையும் இருக்கிறது. சம்பளம் தராமல், எண்ணெய் போடாமல், ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நங்கூரம் போட்டுவிட்டு முதலாளி காணாமல் போய்விடுவான். கப்பலை விட்டு இறங்கவும் முடியாது, கையில் காசும் இருக்காது. சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி 2024இல் இப்படிக் கைவிடப்பட்ட கப்பல்கள் 312, மாலுமிகள் 3,133 பேர். அதில் முதலிடம் நம் நாட்டவருக்கு. இதைப் படமாக எடுத்தால் யார் பார்ப்பார்கள்? சுடுகிறவனே கிடையாது.

தாயாரின் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இப்போது என்ன இருக்கிறது? பட்டாளத்து ஊரில் பிறந்தவர், இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். 2024 ஜனவரி 4 அன்று லீலா நார்போக் என்ற கப்பலில் ஆயுதத்தோடு ஆள் ஏறியதாகத் தகவல் வந்தது. 15 இந்தியர்கள் உட்பட 21 பேரும் சிட்டாடலுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார்கள். நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் சென்னை போய்ச் சேர்ந்து, கமாண்டோக்கள் தளம் தளமாகத் தேடி அவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில், மூன்று மாதமாகக் கொள்ளையர் கையில் இருந்த ருயென் கப்பலை ஐஎன்எஸ் கொல்கத்தா நாற்பது மணி நேரம் விரட்டி மடக்கியது. நம் கரையிலிருந்து 2,600 கிலோமீட்டர் தள்ளி, சி-17 விமானத்திலிருந்து நம் கடற்படையின் மார்கோஸ் கமாண்டோக்கள் படகோடு பாராசூட்டில் கடலில் குதித்தார்கள். 35 கொள்ளையர் சரணடைந்தார்கள். பிணையாக இருந்த 17 பேருக்கும் காயமில்லை. பிடிபட்டவர்களை மும்பைக்கே கொண்டுவந்து, நம் நாட்டு 2022ஆம் ஆண்டுக் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். சோமாலியர் கைவரிசை 2012க்குப் பிறகு வெகுவாக அடங்கி, 2023 கடைசியில் மீண்டும் தலைதூக்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குடும்பத்தின் கதி என்ன என்று கேட்டீர்கள். முன்பெல்லாம் ஆள் பிடிபட்டால் சில முதலாளிகள் ஒப்பந்தக் காலம் முடிந்தது என்று சம்பளத்தையும் நிறுத்திவிடுவார்கள். இப்போது அப்படி முடியாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கொள்ளையர் பிடியில் இருக்கும் காலம் முழுவதும் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். சம்பளம் வீட்டுக்கு வந்தாக வேண்டும். கைவிடப்பட்டால் நான்கு மாதச் சம்பளம் வரைக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு இருந்தாக வேண்டும். இவை நல்ல கம்பெனிக் கப்பலில் காகிதமாகச் சுவரில் தொங்கும். மோசமான கப்பலில் சுவரும் சந்தேகம்தான்.

ஆகவே தம்பியை அனுப்பலாமா கூடாதா என்பதற்குப் படத்தில் விடை தேடாதீர்கள். முகவர் யார் என்று சொல்லுங்கள். பெயர் வேண்டாம், அவர் என்ன கேட்கிறார், என்ன தருகிறார் என்று மட்டும் எழுதுங்கள்.

கணியம்பாடி அக்கா

அனைவருக்கும் நன்றி. மூன்று பதில்களையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குப் படித்தேன். திரைப்பித்தன் சொன்ன டென்மார்க் படத்தை மட்டும் விட்டுவிட்டேன். விமானத்திலிருந்து குதித்த இடத்தை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். தாழ்ப்பாள் கதையைக் கேட்டுவிட்டு, "அந்த வாலாஜாக்காரர் நம் பின்கட்டுக் கதவுக்கும் ஒன்று செய்து தருவாரா?" என்றார். கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, முகவர் விஷயம். இரண்டரை லட்சம் ரூபாய் "சேவைக் கட்டணம்" கேட்கிறார். ஐம்பதாயிரம் கொடுத்தாகிவிட்டது, மீதிக்கு அம்மாவின் நகையை அடகு வைப்பதாகப் பேச்சு. கப்பலின் பெயர் ஏறும்போது தெரியும் என்கிறார். சுற்றுலா விசாவில் துபாய் போய், அங்கிருந்து வேறு துறைமுகத்துக்குப் படகில் அழைத்துப் போவார்களாம். தம்பிக்கு இதெல்லாம் வழக்கமான நடைமுறை என்று தோன்றுகிறது. அவனோடு படித்த இன்னொரு பையன் இப்படித்தான் போனானாம்.

வாலாஜா ஃபிட்டர்

அந்தப் பையன் சம்பளம் வாங்கினானா என்று முதலில் கேளுங்கள்.

நகையில் கை வைக்காதீர்கள். வேலை கொடுப்பதற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். பாஸ்போர்ட், மருத்துவச் சான்றிதழ் போன்ற சொந்தச் செலவுகளைத் தவிர வேறு எதற்கும் முகவர் கை நீட்ட உரிமையில்லை. கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, ஆர்பிஎஸ்எல் எண் என்று சொல்வார்கள். இந்த முகவரின் எண்ணைக் கேளுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாமல், பட்டியலில் அந்த எண்ணும் பெயரும் முகவரியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று நீங்களே பாருங்கள்.

சுற்றுலா விசா என்றாலே எழுந்து வந்துவிடலாம். கப்பலில் ஏறப் போகும் மாலுமி எந்தக் கப்பலுக்குப் போகிறான் என்ற கடிதத்தோடும் கையெழுத்தான ஒப்பந்தத்தோடும்தான் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும். ஒப்பந்த நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். கப்பலின் அடையாளமான ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணைக் கேளுங்கள். கப்பல் பெயர் மாறும், கொடி மாறும், அந்த எண் மாறாது. அதை வைத்து முதலாளி யார், எந்தக் கொடி, காப்பீடு உண்டா, முன்பு எங்காவது ஆள்களைக் கைவிட்டிருக்கிறதா என்று தேடிவிடலாம். எண் தர மறுத்தால் அதுவே விடை.

தம்பியின் பாஸ்போர்ட்டும் சிடிசியும் அசல் முகவர் கையில் இருக்கிறதா? இருந்தால் ஐம்பதாயிரத்தைப் பற்றிப் பேச்செடுப்பதற்கு முன்னால் அவற்றை வாங்கிவிடுங்கள். புகைப்படப் பிரதி எடுக்க வேண்டும் என்று சொல்லி வாங்கலாம். அது கைக்கு வந்தபிறகு பணத்தைக் கேளுங்கள், தரவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். தம்பி முறைத்துக்கொள்வான், முறைக்கட்டும்.

ஆம்பூர் ஷூ ஏற்றுமதி

ஐயா சொன்னதோடு ஒன்று: பணம் கொடுத்ததற்கு ரசீது இல்லாவிட்டால் வங்கிப் பரிமாற்றக் குறிப்பையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். முகவர் குரல்பதிவில் பேசியிருந்தால் அதையும்.

கணியம்பாடி அக்கா

அசல் இரண்டும் அவரிடம்தான் இருக்கின்றன. நாளைக்குத் தம்பியோடு நானும் சென்னை போகிறேன். பெரிய மாமாவும் வருகிறேன் என்கிறார். அவர் மீசையைப் பார்த்தாவது கொடுத்துவிடுவார்கள் என்று அம்மா நினைக்கிறார். ஐஎம்ஓ எண் கிடைத்தால் இங்கேயே போடட்டுமா?

வாலாஜா ஃபிட்டர்

பொதுவில் போட வேண்டாம். தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். மாமாவை முன்னால் உட்காரவையுங்கள்.